அண்ணனுக்குப் பின்னால் ஓர் இடம்

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர் அவர். கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார் என்பதால், எழும்போதே அவரைப் பார்க்கும்படி எல்லோரையும் கிழக்கே கால் நீட்டித்தான் புதைப்பார். சாகக் கிடந்து ஆள்மேல் ஆள் அனுப்பியும் தான் போய்ப் பார்க்காத சொந்த அண்ணனை மட்டும், கொட்டுகிற மழையில், தலைமாற்றி இறக்கிவிட்டார். மண் மூடிய பிறகுதான் உறைத்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேற்று மனைவி சொன்னாள்: "நமக்கும் எடம் கேட்டு வாங்கிட்டேங்க. உங்கண்ணனுக்கு நேர் பின்னாடியே, மேக்கு வரிசையில!"

"வேற எடமே கெடைக்கலியா?"

"செத்த பொறகு என்னங்க பயம்?"

பயமே எழுந்த பிறகுதான். எக்காளம் ஊதும். அவர் கிழக்கே பார்த்து எழுவார், அண்ணன் மேற்கே பார்த்து எழுவார். கர்த்தரின் முகத்துக்கு முன்னால் அவர் பார்க்கப்போவது அந்த முகத்தை.