எந்த மஞ்சப்பித்தம்?

என் உடம்பில் மஞ்சளே இல்லை. நன்றாகப் பசித்தது. ஏழு மாத வயிற்றோடு வார்டுக்கும் போய்க்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் நான். தள்ளித் தள்ளிப்போட்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) என்று வந்தது. மூன்று தவணைத் தடுப்பூசியை ஒன்றோடு நிறுத்தியவள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவளுக்கு இது வேண்டும்தான்.

வீட்டில் சொன்னதும் மாமியார் என் தட்டையும் தம்ளரையும் தனியே வைத்தார்.

"மஞ்சப்பித்தம்னா பின்னே? இனி உப்பில்லாத கஞ்சிதான். பக்கத்து வீட்டுச் சேட்டனுக்கு வந்தப்போ நீதானே மோளே தட்டை மாத்தச் சொன்னே?"

இங்கே மலையாளத்தில் எல்லாக் காமாலைக்கும் அந்த ஒரே பெயர்தான். எது என்று கேட்காமல் நானும் எல்லோருக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் மாமியாரையும் அழைத்துப் போனேன். டாக்டர் பாலக்காட்டுத் தமிழர்.

"ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும் குடிக்கிற வெள்ளத்துல, சாப்பாட்டுல வரும். பி அப்படியில்லை. ரத்தம் வழியா, தாம்பத்தியம் வழியா, பிரசவத்துல அம்மாகிட்டேர்ந்து பிள்ளைக்கு. தட்டை விடுங்கோ, பிள்ளையைப் பாக்கலாம்."

"பிள்ளைக்கு வருமா டாக்டர்?"

"தடுக்க வழி இருக்கு. பயப்படண்டாம் சிஸ்டரே."

பயப்படாமல் எப்படி? என் ரத்தமே என் பிள்ளைக்கு எமனாகுமோ? வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸின் அளவு) அதிகமாக இருந்ததால் தினமும் மாத்திரை. கணவருக்குப் பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்றதும் தடுப்பூசி போட்டார்கள்.

மகள் பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரு தொடையிலும் ஊசி: ஒன்று தடுப்பூசி, மற்றது இம்யூனோகுளோபுலின் (உடனே காக்கும் எதிர்ப்புப் புரதம்). பிறகு தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர். மகளின் மிச்சத் தவணைகளில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. செவிலித் தோழிகளே, நீங்களும் உங்கள் தவணையைத் தவறவிடாதீர்கள். காமாலை என்று யார் வந்தாலும், எது என்று முதலில் கேளுங்கள்.

மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்து ரத்தம் எடுத்தோம். வைரஸ் இல்லை, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது. வராந்தாவிலேயே விம்மி அழுதேன்.

"அய்யே, ஆளுங்க பாக்குறாங்கடீ," என்ற மாமியாரும் அழுதார்.

வைரஸ் என்னோடுதான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலைப் பார்க்க வேண்டும். என் காலண்டர் இப்போது ஆறாறு மாதமாகத்தான் நகர்கிறது. இந்த உடம்பின் மேல் முன்பிருந்த கோபம் இல்லை. மகளுக்கு என் மூக்கு, என் சுருட்டை முடி, என் பிடிவாதம் எல்லாம் வந்திருக்கிறது. இது மட்டும் வரவில்லை.