நம்பர் தகடு

குராஷினா தெட்சுவோவுக்கு உட்காரத் தெரியாது. பழைய கார்க் கண்காட்சிக்கு வரும் மற்றவர்கள் காரை நிறுத்தி, முன்மூடியைத் தூக்கிவைத்துவிட்டு, பின்னால் மடக்கு நாற்காலி போட்டுச் சோற்று உருண்டை தின்றபடி ஊர்க்கதை பேசுவார்கள். இவர் மட்டும் துணியும் கையுமாகக் காரைச் சுற்றிக்கொண்டிருப்பார். துடைத்த இடத்தையே துடைப்பார். குனிந்து காதை வைத்துக் கேட்பார். அணைந்து கிடக்கும் எஞ்சினில் என்ன கேட்கப் போகிறது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் விளக்குவார் என்ற பயம்தான்.

உவேதா நகரக் குடிநீர் அலுவலகத்தில் குழாய் அடைப்பும் கசிவும் தேடியே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் தேடுவதற்கு இருந்தது இந்தக் கார் ஒன்றுதான். 1966இல் வந்த, இரண்டு கதவு வைத்த சின்ன வண்டி. மின்சாரம் தந்த பழைய டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு, அதைவிடப் பலமான ஆல்டர்னேட்டர் வைத்தார். தீப்பொறிக்குப் புது மின்னணுப் பெட்டி வைத்து, அது வெளியே தெரியாதபடி பழைய மூடிக்குள் ஒளித்தார். பிரேக்கை மாற்றினார். தேய்ந்துபோன டேங்க் மூடிக்குப் பதிலாக, உடைக்கிற கடையில் கிடைத்த புதுக் காரின் பூட்டு வைத்த மூடியைப் பளபளவென்று பொருத்தினார். இவ்வளவும் செய்த பிறகும், இரண்டு வருஷமாக வண்டிக்கு ஒரு வியாதி. அரைமணி நேரம் ஜோராக ஓடும், பிறகு இருமிவிட்டு நின்றுவிடும். காத்திருந்தால் மறுபடி ஓடும். பம்ப், காயில், ரப்பர்க் குழாய் எல்லாம் மாற்றியாயிற்று. கார்புரேட்டரை மூன்று முறை பிரித்தாயிற்று. மனுஷர் தூக்கத்திலும் கார்புரேட்டர் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் தொடாதது காரின் நம்பர் தகடு ஒன்றைத்தான். 'நாகானோ 5' என்று வட்டாரப் பெயரும் ஒற்றை இலக்கமுமாக, கார் புதிதாக ரோட்டுக்கு வந்த நாளில் மாட்டிய அதே தகடு. அந்தக் காலத்தோடு ஒற்றை இலக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பதிவு விட்டுப்போனாலும், உரிமையாளர் வேறு வட்டாரத்துக்குக் குடிபோனாலும் தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிறகு எந்த ராஜா வந்தாலும் கிடைக்காது. பின்தகட்டின் ஒரு திருகாணிமேல் அரசு முத்திரை உண்டு. காருக்கு வண்ணம் பூசியபோதுகூட அதைக் கழற்ற விடாமல், தகட்டைச் சுற்றிக் காகிதம் ஒட்டிப் பூசச் சொன்னவர் தெட்சுவோ.

அவருடைய மனைவி மிட்சுயே மூன்று வருஷமாக, வேறு வட்டாரமான கடலோரக் காஷிவாஸாகியில், அக்காவோடு சேர்ந்து ரொட்டிக் கடை நடத்துகிறாள். இவர் ஓய்வு பெற்றதும் அங்கே வந்துவிடுவதாகப் பேச்சு. ஆனால் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் வரவில்லை. முதலில் முட்டி வலி என்றார், பிறகு அந்த ஊர்ப் பனி ஒத்துக்கொள்ளாது என்றார், போன வருஷம் தெருச் சங்கத்தில் குப்பைப் பொறுப்பு தன் முறை என்றார். ஒவ்வொன்றையும் நம்பிய மிட்சுயே, முட்டிக்குக் களிம்புகூட அனுப்பிவைத்தாள்.

கோமோரோவில் நடந்த இலையுதிர்காலக் கண்காட்சிக்கு அவள் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்தாள். கையில் ஒரு பெட்டி, இனிப்புப் பயறு உள்ளே வைத்த ரொட்டி. இந்தத் தடவை கையோடு அவரைக் கிளப்பிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவள் எண்ணம். அவள் கூட்டத்துக்குள் நுழையும்போது, சங்கத் தலைவரான டயர் கடை யானகிசாவா ஒலிபெருக்கியோடு தெட்சுவோவின் கார் முன்னால் நின்றார்.

"பாருங்க, ஒத்தை நம்பரு! எல்லாரும் கொஞ்சம் பின்னாடி வந்து பாருங்க!"

கூட்டம் திபுதிபுவென்று காரின் பின்பக்கம் ஓடியது. ஆல்டர்னேட்டரை ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லை. தெட்சுவோவுக்குக் கொஞ்சம் வலித்தது, ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது.

"குராஷினா அண்ணே, அம்பது வருஷத்துக்கு மேலா இந்தத் தகடு தப்பிச்சு நிக்குதே, எப்படி?"

"எப்படின்னா... நான் இந்த ஊரை விட்டு நகர மாட்டேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி கடற்கரைக்கு வா வான்னு கூப்பிடுறா. நான் முட்டி வலிங்கிறேன், பனிங்கிறேன். தகடு போயிடும்னு அவகிட்ட சொல்ல முடியுமா?"

கூட்டம் கைதட்டியது. தனக்கும் இதே கதைதான் என்று ஒருவர் கத்தினார். தட்டாமல் நின்ற ஒரு ஜோடிக் கை ரொட்டிப் பெட்டியைப் பிடித்திருந்தது. தெட்சுவோ அந்தப் பெட்டியைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

மிட்சுயே ரொட்டியை எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு கொடுத்து முடித்தாள். பிறகு, "என்னை உவேதா ஸ்டேஷன்ல விட்டுடுங்க" என்றாள். கிளம்பி அரைமணி நேரம் ஆனதும், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே வண்டி இருமிவிட்டு நின்றது.

தெட்சுவோ இறங்கி முன்மூடியைத் தூக்கினார். "காத்திருந்தா கிளம்பிடும்."

"பெட்ரோல் இருக்கா?"

"நிறைய இருக்கு."

"இன்னிக்கு நீங்க சொல்ற எதையும் நான் நம்புறதா இல்லை. சாவிக் கொத்தைக் குடுங்க."

அவள் பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்தாள். அது புஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது.

"இது எப்பவும் இப்படித்தான் மூச்சு இழுக்குமா? லீவுக்கு வர்றப்பல்லாம் பெட்ரோல் பங்க்ல கேட்டிருக்கேன்."

தெட்சுவோ மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பழைய மூடியில் காற்றுப் போக ஒரு துளை இருந்தது. அவர் போட்ட பளபள மூடியில் இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம், பம்ப் இழுத்தாலும் வராது. இரண்டு வருஷம் வண்டியையே பிரித்துப் பார்த்தவர், தன் கையால் போட்ட மூடியைச் சந்தேகப்படவில்லை. சாவியை வாங்கி உள்ளே போய்த் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்தது.

"ஏன் சொல்லலை நீ?"

"நீங்க எப்ப கேட்டீங்க?" அவள் குரல் உடைந்தது. "உன் புருஷன் ஏன் வரலைன்னு அக்கா கேக்குறா, ரொட்டி வாங்க வர்றவங்க கேக்குறாங்க. முட்டி வலின்னேன். பனின்னேன். உங்க பொய்யை எல்லாம் நான் கடையில வச்சு வித்துக்கிட்டிருக்கேன். ஒரு தகரத்துக்காகவா?"

அவருக்கு வெட்கம் வந்தது. ஸ்டேஷனில் அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அடுத்த மூன்று நாள் தெட்சுவோ வீட்டுக்கும் கார்க் கொட்டகைக்குமாக நடந்தார். மூடியில் துளை போட்டார். சோதிக்க ஒரு மணி நேரம் ஓட்டினார், நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் ஓட்டினார், அப்போதும் நிற்கவில்லை. இதற்காகத்தானே ஏங்கினார், ஆனால் துளி சந்தோஷம் இல்லை. எங்கே போவது என்று தெரியாமல் ஒரே ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான்காம் நாள் காலை மிட்சுயேவுக்குப் போன் போட்டார்.

"அங்க காவல் நிலையத்துல, வண்டி நிறுத்த இடம் இருக்குன்னு சான்று வாங்கணும். படிவம் வாங்கி வை."

"எந்த வண்டிக்கு?"

"நம்ம வண்டிக்கு."

"சரி" என்றாள்.

குடிமாற்றமும், வண்டிப் பதிவை மாற்றத் தேவையான அந்தச் சான்றும் முடிந்து, காஷிவாஸாகிக்கு உரிய நாகாவோகா போக்குவரத்து அலுவலக முற்றத்தில் இருவரும் காரோடு நின்றார்கள். தகட்டைச் சொந்தக்காரரே கழற்றித் தர வேண்டும். தெட்சுவோ முத்திரையைக் குத்தி உடைத்தார். அதன் கீழிருந்த திருகாணி 1966க்குப் பிறகு யார் கையும் படாதது, துருவேறி அசைய மறுத்தது. எண்ணெய் விட்டார், தட்டினார், மறுபடி விட்டார். வேர்த்துக் கொட்டியது.

"எங்க ஆளை விட்டு வெட்டித் தரட்டுங்களா ஐயா?" என்றாள் அலுவலகப் பெண்.

"வேண்டாம்மா. நானே கழட்டுறேன்."

கடைசியில் அது கிறீச்சிட்டுத் திரும்பியது. கைக்கு வந்த தகட்டை அவர் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"ஞாபகத்துக்கு வச்சுக்க விருப்பம்னா தர்றோம் ஐயா. திரும்ப மாட்ட முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் தருவோம்."

தெட்சுவோ மனைவியைப் பார்த்தார். கேட்கத் துணிவில்லை.

"வச்சுக்கட்டும்மா," என்றாள் மிட்சுயே. "ஓட்டையை மட்டும் நல்லாப் பெரிசாப் போடு."

அவர் தகட்டை அலுவலகப் பெண்ணிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.