வட்டத்தின் நடுவே ஒரு கையெழுத்து

ஆடி மாதத்து மழை. ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் கதவு பூட்டிக் கிடந்தது. மூன்று மாதக் குழந்தையைக் கம்பளிக்குள் பொத்திக்கொண்டு அழகம்மா வாசலில் நின்றாள். கீழே பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பேர் பதிந்தால்தான் அன்றைக்கு வேலை. பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை திருப்பி விரட்டிவிடுவார். அவளுடைய புருஷன் கந்தப்பன் விடியுமுன்பே தேயிலை ஆலைக்குப் போய்விட்டான். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேறு நாதியில்லை.

தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியோடு அந்த வழியே இறங்கி வந்த சோலைமலை அவளைப் பார்த்து நின்றார். பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். தொழிலாளர் சங்கத்துக்குத் தோட்டத் தலைவர் அவர்தான். ஆனாலும் அதிகம் பேசமாட்டார்.

"புள்ளயக் குடு. நீ ஓடு."

"ஒங்க பேரு என்னாகுறது, அண்ணே?"

"கவ்வாத்துக்காரங்களக் கடைசியாத்தான் கூப்புடுவாங்க. ஓடு தங்கச்சி."

அவள் ஓடினாள். அவள் பேர் பதிந்தது. நாலைந்து நாள் கழித்துப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சோலைமலையின் மனைவி நாகலெட்சுமி சொல்லித்தான் மற்றது தெரிந்தது.

"உங்கண்ணனுக்கு அன்னிக்கிப் பேரில்ல, தெரியுமா? வயித்து வலின்னு எங்கிட்டயே பொய் சொல்லிட்டாரு. பிள்ளைக்காம்பரா ஆயம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அழகம்மாவுக்குக் குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு கோணல் வழக்கம் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவும் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஏறிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும். தாய்மாரோ பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு வர வேண்டும். பிள்ளையோடு களத்துக்கு வரக்கூடாது என்பது கணக்கப்பிள்ளையின் கட்டளை. கதவு திறப்பதற்குள் பெரட்டு முடிந்துவிடும். இது நடக்கிற காரியமா என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் கிழவி இருந்தவள் தப்பித்தாள். இல்லாதவள் மழையில் நின்றாள்.

சோலைமலை கேட்டார். கணக்கப்பிள்ளையிடம் மூன்று தடவை போய் நின்றார்.

"ஏன் தலைவரே, புள்ள தூக்குனது போதாதா? இனிமே பாலும் குடுக்கப் போறீங்களா?" என்றார் கணக்கப்பிள்ளை. சுற்றி நின்ற கங்காணிமார் சிரித்தார்கள்.

"சுரந்தா குடுப்பேனுங்க. அது இல்லாததுனாலதான் கதவத் தெறக்கச் சொல்றேன்."

இப்போது சிரித்தது பெண்கள். கணக்கப்பிள்ளையின் முகம் கறுத்துப் போனது. அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை.

தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு மனு எழுதுவதென்று முடிவானது. தலவாக்கலை டவுனில் ஒருவரிடம் இங்கிலீசில் எழுதி வாங்கி வந்தார்கள். ஆயம்மா பெரட்டுக்கு வராமலே அவள் பேரைப் பதிய வேண்டும், ஐந்தரைக்குக் கதவு திறக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடினார்கள். முதல் கைநாட்டு யாருடையது என்று துரை தேடுவார் என்பதால் வரிசையாக வைக்கவில்லை. தாளில் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிலும் கைநாட்டு வைத்தார்கள். முப்பத்தேழு பேர். வட்டத்துக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

சோலைமலையும் பெருவிரலை மையில் தோய்த்தார். அப்போதுதான் அழகம்மா வாயைத் திறந்தாள்.

"என்னாண்ணே இது? எழுத்து தெரிஞ்ச ஆளு, நீங்களும் எங்களாட்டம் மையத் தேச்சா துரை நம்மள மதிப்பாரா? எழுதிப் போடுங்கண்ணே."

"ஆமா, எழுதிப் போடுங்க! நம்மள்லயும் ஒருத்தருக்கு எழுதத் தெரியும்னு பாக்கட்டும்," என்றார்கள் மற்றவர்களும்.

பஜனை மடத்து மணலில் விரலால் எழுதிப் படித்தவர் சோலைமலை. கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, வட்டத்துக்கு வெளியே இடமில்லாததால் நட்ட நடுவே தம் பேரை எழுதினார். நாக்கு நுனி வெளியே தெரிய, ஒவ்வோர் எழுத்தாக, கோணாமல் எழுதினார். அழகம்மாவுக்குத் தன் கூடப்பிறந்தவனே எழுதுவது போலிருந்தது.

மூன்றாம் நாள் துரை ஆபீசுக்கு ஒருவரைத்தான் கூப்பிட்டார்கள். முப்பத்தேழு கைநாட்டில் எது யாருடையது என்று துரைக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பேர் வாசிக்கிற மாதிரி இருந்தது, அது போதும். ஆட்களைத் தூண்டிவிட்டார் என்று சோலைமலையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புருஷனை நிறுத்தினால் பெண்சாதி பேரையும் வெட்டுவது அங்கே நடைமுறை. நாகலெட்சுமிக்கும் கூடை போனது. ஒரு மாதத்தில் லயத்துக் காம்பராவையும் விட்டுவிட வேண்டும் என்றார்கள்.

அழகம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். "எழுதச் சொன்னவ நான்தான்னு துரைகிட்டப் போய்ச் சொல்றேன்."

கந்தப்பன் கதவை மறித்தான். "சொல்லு. நாளைக்கி நம்ம சட்டி பானையும் ரோட்டுல கெடக்கும். புள்ளய எங்க கெடத்துவ?"

அவள் கதவடியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அழுதது. அவள் போகவில்லை.

ஆனால் தோட்டம் சும்மா இருக்கவில்லை. நாலு நாள் ஒருவரும் மலையேறவில்லை. கொழுந்து முற்றியது. ஐந்தாம் நாள் அட்டனிலிருந்து சங்கத்து ஐயா காரில் வந்தார். துரை பங்களாவில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்து, பெரட்டுக்களத்தில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார்.

"வெற்றி! நாளையிலருந்து அஞ்சரைக்குக் கதவு தெறக்கும்!"

கைதட்டினார்கள். யாரோ மாலைகூடக் கொண்டு வந்திருந்தார்கள். அழகம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஐயா, சோலமலண்ணன் வேலை?"

"அது தனி வழக்கும்மா. பேசிக்கிட்டிருக்கோம். இப்ப அதையும் பிடிச்சுக்கிட்டு நின்னா, கெடச்சதும் போயிரும்."

சோலைமலை கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றார். மற்றவர்கள் கைதட்டியபோது அவரும் தட்டினார். அதைப் பார்த்திருக்க வேண்டாமென்று அழகம்மாவுக்குத் தோன்றியது.

மறுநாள் ஐந்தரைக்குக் கதவு திறந்தது. உள்ளே அடுப்பு எரிந்து கதகதப்பாக இருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு எல்லாரோடும் அழகம்மாவும் பெரட்டுக்குப் போனாள். போகும் வழியில் சோலைமலையின் வாசல். அவர் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். மற்றவர்களும் அப்படித்தான். முப்பத்தேழு பேரும் ஏதோ தரையில் தொலைத்தவர்கள் மாதிரி போனார்கள்.

தனி வழக்கு எட்டு மாதமாகியும் விசாரணைக்கு வரவில்லை. டயகம வரைக்கும் போய் வேலை கேட்டுப் பார்த்தார் சோலைமலை. அவர் போய்ச் சேருவதற்கு முன்பே அவர் பேர் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் காம்பராவைக் காலி செய்யாததால் ஒரு நாள் பகலில் ஆட்களை விட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். கழற்றியவர்களும் சங்கத்து ஆட்கள்தாம். துரை சொன்ன வேலை, அவர்களுக்கும் பேர் வேண்டுமே. ஆண்டவன் யாரை என்று கேட்பான்?

கொத்மலைப் பக்கம் ஒரு சிங்கள முதலாளியின் மரக்கறித் தோட்டத்தில் கூலி கிடைத்து, சோலைமலையும் நாகலெட்சுமியும் அங்கே போனார்கள். அறுபத்துமூன்றாம் வருஷம் காய்ச்சல் கண்டு சோலைமலை போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பிறகு செய்தி வந்தது. அழகம்மா கோயிலில் ஒரு விளக்கேற்றினாள். வேறென்ன செய்ய முடியும்?

அவரை அவள் கடைசியாகப் பார்த்தது, அவர்கள் தோட்டத்தை விட்டுப் போன அன்று. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து கங்காணிக்குத் தெரியாமல் நழுவி, குறுக்குப் பாதையில் இறங்கி, தார் ரோட்டு வளைவில் காத்துக்கொண்டு நின்றாள். தலையில் தகரப் பெட்டியோடு முன்னால் நடந்த நாகலெட்சுமி அவளைப் பார்த்தும் நிற்கவில்லை. பின்னால் மூட்டையோடு வந்த சோலைமலை நின்றார். அழகம்மா குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் சட்டென்று பின்வாங்கி, மேலே மலையில் கங்காணி நிற்கிறானா என்று அண்ணாந்து பார்த்தார்.

"என்னய வழியனுப்ப வந்தேன்னு யாருகிட்டயும் சொல்லிராத, தங்கச்சி," என்றார். "கேட்டா, வெறகு பொறுக்க வந்தேன்னு சொல்லு."