ஆளில்லாத குப்பம்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயம் தணிந்து சில மாதங்கள் ஆகின்றன. என் மனைவிக்குக் கடல் பார்க்க ஆசை. விடுமுறைக்குத் திருத்தணியிலிருந்து பழவேற்காடு வந்திருக்கிறோம். காலையில் கரையோரத்து ஒற்றையடிப் பாதையில் வெகுதூரம் நடக்கிறோம். ஒருபுறம் அலை, மறுபுறம் தாழம்புதர். வழியில் ஒரு மீனவர் குப்பம். குடிசைகள் திறந்து கிடக்கின்றன. ஆள் இல்லை, நாய்கூட இல்லை. கடைசிக் குடிசையில் மட்டும் புகை எழுகிறது.

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் பெண் எங்கள் ஊரைக் கேட்கிறாள். சொல்கிறேன்.

“எங்க ஊட்டுக்காரரும் அங்கதாங்க போனாரு, எல்லாரும் ஓடினப்போ. இடம் பாத்துட்டு வந்து இட்டுகினு போறேன்னாரு. இடது கையில ஆறு விரலு.”

மனைவி என் கையைப் பற்றுகிறாள். எங்கள் தெருச் சத்திரத்தில் வாந்திபேதியில் கிடந்த ஆறு விரல்காரருக்கு அவள்தான் கஞ்சி ஊற்றினாள். ஊர் பேர் சொல்லாமலே அவர் இறந்துபோனார். தூக்கிப் போய்ப் புதைத்தவர்களில் நானும் ஒருவன்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “அம்மா, அவரு...” என்று ஆரம்பிக்கிறேன்.

“நேத்து வந்துட்டாருங்க,” என்கிறாள் அவள். “உங்க ஊர்ல ஒரு அம்மா கஞ்சி குடுத்தாங்களாம். அதையே சொல்லிகினு இருந்தாரு. விடியறதுக்குள்ள கடலுக்குப் போயிட்டாரு.”

மனைவி கேட்கிறாள்: “இங்க எதுனா சாப்பிட்டாராக்கா?”

“இல்லைங்க. அந்தக் கஞ்சியே வயித்துல இருக்குதுன்னாரு.”

மனைவி அவளருகே மணலில் உட்கார்ந்து அழுகிறாள். ஏன் அழுகிறாய் என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை.