செல்வராஜின் வலிக்காத இதயம்

1. பெரட்டுக்களம்

காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செல்வராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எழும்புடா. மூஞ்சியப் பாரு, பலாப்பழம் மாதிரி. இவருக்குச் சொகமில்லையாம்!" என்றார் கணக்கப்பிள்ளை.

வேலைக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வராஜும் சிரித்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய காலம். இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர். செல்வராஜ் கொழுந்து நிறுக்கிறவன். இதயத் தசை தளர்ந்து சாகக் கிடந்தவனை, சென்னையில் குடியேறிவிட்ட அவனுடைய அக்கா கூட்டிப்போய் மாற்று இதயம் வைத்து அனுப்பியிருந்தாள். விபத்தில் மூளைச்சாவடைந்த யாரோ ஒருவருடைய இதயம். அவன் முகம் ஊதியிருந்தது செழிப்பால் அல்ல, ஸ்டீரொயிட் மாத்திரையால். கணக்கப்பிள்ளைக்கு இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். காது இருந்தால்தானே.

தோட்டத்தில் வேலைக்கு வராமல் இருக்க டிஸ்பென்சரித் துண்டுச்சீட்டு வேண்டும். துண்டு கிடைக்கக் காய்ச்சல் வேண்டும், இல்லாவிட்டால் வலி வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் அதுதான் சட்டம்.

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலீங்க ஐயா. அசதியா இருக்கு, அவ்வளவுதான்."

அசதி என்றாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சென்னையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். துண்டை எழுதிக் கணக்கப்பிள்ளை கையில் திணித்துவிட்டு, செல்வராஜை பஸ்ஸில் ஏற்றி நானும் கூடப் போனேன்.

2. ஒரே கேள்வி

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். எல்லா இடத்திலும் அப்படித்தான். வெளிநோயாளர் பிரிவில் இளம் டாக்டர், முன்னால் முடிவில்லாத வரிசை. மாற்று இதயம் என்று சொன்னேன். நெஞ்சுத் தழும்பைப் பார்த்தார். அப்படி ஒரு நோயாளியை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

"பப்புவ ரிதெனவத?" என்று சிங்களத்தில் கேட்டார். நெஞ்சு வலிக்கிறதா என்று.

"நே" என்று மறுத்தான் செல்வராஜ்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கிளினிக் நாளில் பெரிய டாக்டரைப் பார்க்கும்படியும், அதற்குள் வலி வந்தால் உடனே வரும்படியும் சொல்லி அனுப்பினார். வலி வந்தால்! திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருக்கையில் ஒழுங்காக உட்கார என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை அவன் மனைவி புஷ்பம் டிஸ்பென்சரி வாசலில் நின்றாள்.

"ஐயா, இவரு ஆப்பரேசன் முடிஞ்சு சென்னையிலருந்து வந்த புதுசுல ரோட்டுலருந்து கோயில் மேடு வரைக்கும் நிக்காம ஏறுவாரு. போன கெழம பாதி வழியில தண்ணி டாங்கிக்கிட்ட நின்னாரு. நேத்து உங்களோட வந்து எறங்கினாரே, நீங்க அங்கிட்டுப் போனதும் ரோட்டோரத்து மதகுகிட்டயே குந்திட்டாரு. ராத்திரி தலகாணி ரெண்டு வச்சும் படுக்க முடியல."

"இத ஏன் நேத்தே சொல்லல?"

"யாரு கேட்டீங்க? எல்லாரும் வலிக்குதான்னுதான கேக்குறீங்க."

நேரே தோட்டத்து மனேஜர் துரையிடம் போய் லொறி கேட்டேன்.

"லொறி கொழுந்துக்குப் போகணும். ஆஸ்பத்திரியில பாத்து அனுப்பிட்டாங்கதானே?" என்றார்.

"செத்தாலும் அதே லொறியிலதான் ஏத்தணும் துரை. உயிரோட ஏத்திப் பாப்போம்."

எனக்கு வேலை போகும் என்றுதான் நினைத்தேன். லொறி கிடைத்தது.

3. சத்தமில்லாத சாவு

இந்தத் தடவை வெளிநோயாளர் வரிசையில் நிற்கவில்லை. வார்டுக்குள் நுழைந்து கத்தினேன். பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"கத்தாதையும் ஐசே. என்ன பிரச்சினை?"

மதகையும் டாங்கியையும் சொன்னேன். அதோடு எழும்பிவிட்டார். எக்கோ மெஷினை வைத்துப் பார்த்தார். இதயச் சுவர் தடித்திருந்தது, சுருங்குவது பாதியாகியிருந்தது. உடம்பு அந்த இதயத்தை ஏற்காமல் தள்ளுகிறது என்றார். சென்னை டாக்டர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, இரத்தக் குழாய் வழியாக ஸ்டீரொயிட்டைப் பெரிய அளவில் ஏற்றத் தொடங்கினார்.

"கொஞ்சம்கூட வலிக்கலையே டொக்டர்?"

"எப்பிடி நோகும்? இதயத்தை மாத்தேக்கை நரம்பெல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு. இந்த இதயம் நொந்தாலும் மூளைக்குச் சொல்ல வழியில்லை."

"அப்ப உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது?"

"ஒவ்வொரு செல்லுக்குள்ளையும் சாகிறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. அது எங்கள் எல்லாருக்கும் தேவைதான். இங்கை என்னெண்டா, உடம்பின்ரை காவல் செல்லுகள் இதயத்தை அந்நியன் எண்டு கண்டுபிடிச்சு, 'நீ செத்துப்போ' எண்டு கட்டளை குடுக்குது. கட்டளை கிடைச்ச செல் வெடிச்சுச் சிதறாது. சுருங்கி, தன்னைத்தானே துண்டு துண்டாக்கி முடிச்சிடும். பக்கத்துச் செல் அதைத் தின்னும். சத்தமே இல்லை."

"மாத்தின நாள்லருந்தே நடக்குதா?"

"அண்டைக்கும் கொஞ்சம் செத்திருக்கும். ஐசிலை கிடந்த இதயத்துக்குத் திரும்ப இரத்தம் விடேக்கை, அந்த இரத்தமே சில செல்லுகளுக்குச் சாவு. அது வேறை, இது வேறை. ஆனா இரண்டிலும் போனது போனதுதான். இதயத் தசை தோல் மாதிரித் திரும்ப வளராது."

"மாத்திரை ஒழுங்காப் போட்டானே?"

"போட்டாலும் வரும். அவனை ஏசாதையும்."

மருந்து ஏறிய நாட்களில் வார்டுக்கும் வாசல் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நர்ஸ் ஒருத்தி, "ஒரு இடத்துல உக்காருங்களேன், எங்களுக்குத் தல சுத்துது" என்று திட்டினாள். செல்வராஜ் ஒட்சிசன் முகமூடியை நகர்த்தி என்னைக் கூப்பிட்டான்.

"வலிச்சாத்தான் நம்புவாங்கன்னு தெரிஞ்சிருந்தா, இதயம் குடுத்த மனுசன்கிட்ட கொஞ்சம் வலியும் சேத்துக் கேட்டு வாங்கியிருப்பேன் ஐயா."

"பேசாம மூச்ச விடுடா."

பிழைத்தான். ஆனால் முழுசாக அல்ல. முதல் நாளே மருந்து ஏறியிருந்தால் எவ்வளவு தசை மிஞ்சியிருக்கும் என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மேடு ஏறத் தேவையில்லாமல், ரோட்டோரத்துக் கீழ் லய வீட்டு வரிசையில் அவனுக்கு ஒரு காம்பரா வாங்கிக் கொடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை. கணக்கப்பிள்ளை அப்போதும், "இவனுக்கு மட்டும் எதுக்கு ரோட்டுப் பக்கத்துல?" என்றார்.

இப்போது தோட்டங்களுக்கு டிஸ்பென்சர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வலி இல்லை என்று சொல்கிறவனை நாற்காலியில் உட்காரவைத்து மேலும் நாலு கேள்வி கேட்காதீர்கள். உட்கார்ந்திருக்கும் இதயம் நன்றாகப் பொய் சொல்லும். எழுப்பி வெளியே கூட்டிப்போங்கள். மேட்டில் அவன் கூடவே ஏறுங்கள், ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே. அவன் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறானோ, உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. உங்களுக்கும் மூச்சு வாங்கும். வாங்கட்டும்.