முதல் ஆளாகக் கூப்பிட்ட கோல்கீப்பர்

எழுபதுகளின் கடைசியில், ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். மே தினத்தன்று ஊழியர்களுக்குள் கால்பந்துப் போட்டி நடக்கும். விளையாட வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, இரண்டு கேப்டன்களும் மாற்றி மாற்றி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அணி சேர்ப்பார்கள். அந்த வருடம் நான் ஒரு கேப்டன். இன்னொருவர் தையல் பிரிவு சூப்பர்வைசர், என் நெருங்கிய நண்பர்.

பூவா தலையாவில் ஜெயித்தேன். முதலில் கூப்பிடும் வாய்ப்பு எனக்கு. பாலிஷ் பிரிவில் ஒருவர் இருந்தார். அவர் காலுக்குப் பந்து போனால் கோல்தான். அவரைத்தான் கூப்பிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் கண்ணோ தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் ஒருவர் மேல் இருந்தது. குள்ளமான ஆள், அதிகம் பேசமாட்டார். வழுக்கும் ஈரத்தோலை வண்டியிலிருந்து வீசினால், ஒன்றுகூடக் கீழே விழாமல் தாவிப் பிடிப்பார். இவர் கோலில் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குப் பல நாளாக ஆர்வம். விட்டால் நண்பர் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் வேறு. முதல் ஆளாக அவரைக் கூப்பிட்டேன்.

மைதானமே சிரித்தது.

"இன்னாபா, கடைசில கூப்ட்டிருந்தா கூட உனக்குத்தான் கெடச்சிருப்பாரு. என் லிஸ்ட்லயே அவர் இல்ல" என்ற நண்பர், பாலிஷ்காரரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

பத்தாவது நிமிடமே பாலிஷ்காரர் ஒரு கோல் போட்டார். "ஃபர்ஸ்ட் ஆளு! ஃபர்ஸ்ட் ஆளு!" என்று ஓரத்தில் ஒரே கேலி. கோலில் நின்ற சுண்ணாம்புக் குழிக்காரரின் முகம் மாறவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. இடைவேளையில் அவரை உட்காரவைத்துவிட்டு, நானே கோலில் போய் நின்றேன்.

அவர் உட்காரவில்லை. கோலுக்குப் பின்னால் நின்று, பாலிஷ்காரர் பந்தோடு வரும்போதெல்லாம் "சார், லெஃப்டு... சார், ரைட்டு" என்று மெல்லச் சொன்னார். எரிச்சலில் நான் காதில் வாங்கவில்லை. மூன்று கோல் வாங்கினேன். மூன்றும் அவர் சொன்ன பக்கமே போயின.

ஆட்டம் முடிந்ததும், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"மொத கோல் வாங்கச்சொல்லோ பாத்துக்கினேன் சார். அடிக்கிறதுக்கு முன்னாடி அவர் தோளு ஒரு பக்கம் சாயுது. பந்து எதிர்ப்பக்கம் போவுது." குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, அவரே கேட்டார்: "ஆமா, இன்னாத்துக்கு சார் என்ன மொதல்ல கூப்ட்டீங்க?"



நடந்ததையெல்லாம் மறுநாள் நண்பரிடம் சொன்னேன். அடுத்த மே தினத்திலும் நாங்களே கேப்டன்கள்; பூவா தலையாவில் ஜெயித்தது நண்பர். யோசிக்கவே இல்லை, முதல் ஆளாகச் சுண்ணாம்புக் குழிக்காரரைக் கூப்பிட்டார். பாலிஷ்காரர் என் அணிக்கு வந்தார். ஒரு கோல்கூட எங்களால் போட முடியவில்லை.

அதன் பிறகு யாரிடமாவது ஒரு பொறுப்பை ஒப்படைத்து, அவர் முதல் தடவை சறுக்கும்போது, மாற்றிவிடலாமா என்று நினைப்பதற்கு முன், அந்தச் சறுக்கலில் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று கேட்டுவிடுகிறேன்.