எடுவிகிஸ் டீச்சரின் தெரேரே முறை

இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் பக்கம் எடுவிகிஸ் டீச்சருக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது. பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் போதும். ஊரைப் பற்றி எழுதச் சொன்னால், ஒருத்தி எழுதிய சந்தையை இன்னொருவன் அழித்துவிட்டுக் கால்பந்துத் திடலைப் போட்டான்.

பராகுவேயில் தெரேரே என்னும் குளிர்ந்த மூலிகைப் பானம் குடிக்காத பிள்ளை கிடையாது. ஒரே கொம்புக் குவளை வட்டமாகச் சுற்றி வரும். தன் முறை வரும்வரை யாரும் கை நீட்ட மாட்டார்கள். டீச்சர் வகுப்பையும் அப்படி வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக எழுதச் சொன்னார்.

கல்வித்துறை மேற்பார்வையாளர் அனக்லேத்தோ வகுப்பைப் பார்க்க வந்தார். அவருக்குப் பாடம் பிடிக்காவிட்டால் வகுப்புக்குத் தந்திருந்த மடிக்கணினிகள் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

"என்ன டீச்சர், ஒருத்தன் தட்டுறான், மத்தவங்க வேடிக்கை பாக்குறாங்க? எல்லாரும் ஒண்ணா எழுதத்தானே இது?"

"வேணாம் சார்."

"வயசானவங்ககிட்ட கம்ப்யூட்டர் குடுத்தா இப்படித்தான். எல்லாரும் எழுதுங்கப்பா."

அவரும் தன் பெயரையும் பதவியையும் தட்டினார். பதவி மறைந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கழுதைப் படம் வந்தது. பிறகு பெயரும் போய், கழுதை மட்டும் நின்றது.

"யாருடா அது?"

யாரும் தலை நிமிரவில்லை. கழுதைகள் பெருகின.

"டீச்சர், உங்க முறையையே வைங்க."

"சரி சார். அந்தப் பொண்ணு லிப்ராதாவுக்கு அடுத்து உக்காருங்க."

"அவ கடைசில இருக்காளே. நான் மேற்பார்வையாளர்."

"தெரேரேல அதெல்லாம் பாக்க மாட்டாங்க சார்," என்றாள் லிப்ராதா.

உட்கார்ந்தார். முறை வந்ததும், 'கணினிகள் இங்கேயே இருக்கட்டும்' என்று எழுதினார். அதை யாரும் அழிக்கவில்லை.